ஓஸ் நாட்டிற்கு மீண்டும் ஒரு பயணம்: தொடர்படமொன்றின் வரவேற்பு வரலாறு

நாவலொன்று திரைப்படமாக்கப்படும்பொழுது அது இரண்டு அளவுகோல்களால் மதிப்பிடப்படுவது வழக்கம். மூலநூலுக்கு அப்படம் எவ்வளவு நெருக்கமாக அமைந்துள்ளது என்பது ஒன்று. திரைப்படம் என்ற வகையில் அது எத்துணை சிறந்து விளங்குகின்றது என்பது மற்றொன்று. அப்படத்திற்குத் தொடர்ச்சியாக இன்னொரு படம் எடுக்கப்படும்பொழுது மூன்றாவது அளவுகோலொன்றும் வந்து சேர்கின்றது. முன்னைய படத்தைப் பற்றிப் பார்வையாளர் மனத்திற் பதிந்துள்ள நினைவே அது. இம்மூன்றும் தம்முள் முரண்படுமிடத்து எது மேலோங்கும் என்னும் வினா, இரசனையின் வரலாற்றை ஆராய்வோர்க்கு முக்கியமானதாகும். 1985ஆம் ஆண்டு யூன் 21ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவில் வெளியிடப்பட்ட 'ரிற்றேர்ன் ரு ஓஸ்' என்னும் திரைப்படத்தின் கதை இவ்வினாவுக்குத் தக்கதொரு சான்றாக அமைகின்றது. 'ஓஸ் நாட்டிற்குத் திரும்புதல்' எனப் பொருள்படும் அப்படத்தை வோல்ற் டிஸ்னி நிறுவனம் தயாரித்தது. ஏறத்தாழ 28 மில்லியன் டொலர் செலவில் உருவான அது, அமெரிக்கத் திரையரங்குகளில் ஈட்டியது சுமார் 11 மில்லியன் டொலர் மட்டுமே. விமர்சகருட் பெரும்பாலார் அதனைக் குறைகூறினர். பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு உகந்ததன்று எனக் கருதினர். ஆயின், இருபது ஆண்டுகளின் பின்னர் அதே படம் ஒரு தலைமுறையினரால் விரும்பிப் போற்றப்படும் படைப்பாக மாறியிருந்தது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை விளங்கிக்கொள்வதற்கு ஓஸ் கதைகளின் தோற்றத்திலிருந்து தொடங்குதல் வேண்டும்.

எல். பிராங்க் போம் எழுதிய 'ஓஸ் நாட்டு அற்புத மந்திரவாதி' என்னும் சிறுவர் நாவல், டபிள்யூ. டபிள்யூ. டென்ஸ்லோவின் ஓவியங்களுடன் 1900ஆம் ஆண்டிற் சிக்காகோவில் வெளிவந்தது. சூறாவளியால் அள்ளுண்டு கன்சாஸிலிருந்து ஓஸ் நாட்டை அடையும் டொறத்தி என்னும் சிறுமி, வெருளி, தகர மரவெட்டி, கோழைச் சிங்கம் ஆகியோரின் துணையுடன் வீடு திரும்பும் கதை அது. பழைய தேவதைக் கதைகளின் கொடூரத்தை விடுத்து, வியப்பையும் மகிழ்ச்சியையும் மட்டும் பேணும் நவீன கதையொன்றைத் தாம் எழுத முனைந்ததாகப் போம் தமது முன்னுரையிற் கூறினார். முன்னுரை இவ்வாறு கூறினும் நூல் அதனை முற்றாகக் கடைப்பிடிக்கவில்லை. மந்திரமிடப்பட்ட கோடரியால் அவயவங்கள் ஒவ்வொன்றாக வெட்டுண்டு தகர உடல் பெற்றவன் மரவெட்டி. தம்மைத் தாக்கவரும் நாற்பது ஓநாய்களின் தலைகளையும் அவனே துண்டிக்கின்றான். போமின் எழுத்தில் அச்சமும் மகிழ்ச்சியும் அருகருகே வாழ்ந்தன என்பதே உண்மையாகும். பின்வந்த விவாதங்களில் இவ்வுண்மை பெரிதும் மறக்கப்பட்டது.

ஓஸ் கதையின் முதலாவது தொடர்ச்சி எழுந்த சூழலும் கவனத்திற்குரியது. 1902இற் சிக்காகோவில் மேடையேறிய 'ஓஸ் மந்திரவாதி' இசைநாடகம் அடுத்த ஆண்டு நியூயோர்க் சென்று பெருவெற்றி பெற்றது. அந்நாடகம் நாவலினின்றும் வெகுதூரம் விலகியது. டொறத்தியின் நாய்க்குப் பதிலாக ஒரு பசு அவளுடன் வந்தது. பகடிகளும் பாடல்களும் கதையை மூடின. வெருளியாகவும் தகர மரவெட்டியாகவும் தோன்றிய பிரெட் ஸ்ரோன், டேவிட் மொன்கொமரி ஆகிய இரு நடிகரும் பெரும்புகழ் எய்தினர். 1904இற் போம் எழுதிய இரண்டாவது நூலான 'ஓஸ் என்னும் அற்புத நாடு' அவ்விரு நடிகருக்கே காணிக்கையாக்கப்பட்டது. அந்நூலில் டொறத்தி தோன்றவில்லை. வெருளியும் மரவெட்டியுமே முக்கிய இடம்பெறுகின்றனர். மேடையை மனத்திற்கொண்டே அது எழுதப்பட்டது என்பதற்கு இவை சான்று பகர்வன. அந்நாவலைத் தழுவி 1905இற் சிக்காகோவில் அரங்கேறிய இசைநாடகத்தில் அவ்விரு நடிகரும் பங்குபற்றவில்லை. முன்னைய நாடகத்தின் வெறும் போலி என்னும் குறைகூறலுக்கு ஆளாகிய அந்நாடகம் சில வாரங்களுக்குள்ளேயே நின்றுபோனது.

1914இற் போம் தாமே ஒரு திரைப்பட நிறுவனத்தை லொஸ் ஏஞ்சலிஸில் அமைத்தார். ஓஸ் தொடரின் பிற்பட்ட நாவலொன்றைத் தழுவி அந்நிறுவனம் எடுத்த முதற்படமும் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை; சிறுவர்க்கான படம் என்ற முத்திரை அதன் விற்பனைக்குத் தடையாயிற்று. ஆக, வெற்றிபெற்ற முதற்படைப்பின் நிழலிலே தொடர்ச்சிகள் வாடும் நிலை 1985இற் புதிதாகத் தோன்றியதொன்றன்று. அது ஓஸ் மரபுடன் உடன்பிறந்தது எனலாம். நூல்வடிவில் மட்டும் நிலைமை வேறாக இருந்தது. சிறுவர்கள் கடிதம்மூலம் மேலும் மேலும் கதைகளை வேண்டினர். 1910இல் தொடரை முடித்துவிடப் போம் முயன்றும் அது கைகூடவில்லை. 1919இல் அவர் இறக்கும்பொழுது 12 நாவல்கள் வெளிவந்திருந்தன. 13ஆவது அதே ஆண்டில் அவர் இறந்த பின்னரும், 14ஆவது அடுத்த ஆண்டிலும் வெளிவந்தன. படிக்கும் சிறுவர் தொடர்ச்சியை வேண்ட, அரங்கிலும் திரையிலும் அது மறுக்கப்பட்டது என்னும் இம்முரண் பின்னர் மீண்டும் தலைகாட்டுவதைக் காண்போம்.

1939இல் மெற்றோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் வெளியிட்ட 'ஓஸ் மந்திரவாதி' திரைப்படமே இம்மரபில் எல்லாவற்றிலும் பெரிய திருப்பமாகும். விக்ரர் பிளெமிங்கின் நெறியாள்கையில், பதினாறு வயது ஜூடி கார்லன்ட் டொறத்தியாக நடித்த அப்படம் நாவலில் மூன்று முக்கிய மாற்றங்களைச் செய்தது. முதலாவதாக, கதை பாடல்களால் நடத்தப்பட்டது. இரண்டாவதாக, நூலில் வெள்ளியாலாகிய பாதணிகள் வண்ணப்படத்தின் பொலிவு கருதி மாணிக்கச் சிவப்புப் பாதணிகளாயின. மூன்றாவது மாற்றம் இவற்றினும் ஆழமானது. போமின் நாவலில் ஓஸ் உண்மையான ஒரு நாடு. டொறத்தி மெய்யாகவே அங்கு சென்று மீள்கின்றாள். திரைப்படத்திலோ அது கனவாகக் காட்டப்படுகின்றது. கன்சாஸில் அவளைச் சூழவுள்ளோரே ஓஸில் வேற்றுருவத்தில் தோன்றுகின்றனர். படுக்கையிற் கண்விழிக்கும் சிறுமி தான் கண்டது மெய்யென வற்புறுத்த, சுற்றிநிற்கும் முதியோர் கனிவுடன் அதனை மறுக்கின்றனர்.

இன்று ஒருமனதாகப் போற்றப்படும் இப்படமும் வெளிவந்த காலத்தில் ஒருமனதான பாராட்டைப் பெறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையிற் பிராங்க் நூஜன்ற் அதனைப் பாராட்டினார். நியூ றிபப்ளிக் ஏட்டில் ஒற்றிஸ் பேர்குசனும், நியூயோர்க்கர் ஏட்டில் றஸல் மலோனியும் அதனைக் கடுமையாகக் கண்டித்தனர். படத்திற்குச் செலவான தொகை ஏறத்தாழ 2.8 மில்லியன் டொலர். முதல் வெளியீட்டில் அது நிறுவனத்திற்கு இலாபந் தரவில்லை. 1949இல் மறுபடி வெளியிடப்பட்ட பின்னரே இலாபம் கிட்டியது. 1956 நவம்பர் 3ஆம் திகதி தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பப்பட்டமையும், 1959 தொடக்கம் ஏறத்தாழ ஆண்டுதோறும் ஒளிபரப்பப்பட்டமையுமே அதனை அமெரிக்கக் குடும்பங்களின் சடங்காக மாற்றின. பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கிருந்து ஆண்டுக்கொருமுறை பார்க்கும் படமாக அது நிலைபெற்றது. இதன் விளைவாக, 1900இல் அச்சான நூலன்று, 1939இல் எடுக்கப்பட்ட படமே ஓஸின் மூலம் என்னும் எண்ணம் வேரூன்றியது. மூலத்தின் இடத்தைத் தழுவல் கைப்பற்றிக்கொண்டது.

இத்தகைய பகைப்புலத்திலேயே டிஸ்னி நிறுவனத்தின் முயற்சி நிகழ்ந்தது. ஓஸ் தொடரின் ஏனைய நூல்கள் பலவற்றின் திரைப்பட உரிமையை அந்நிறுவனம் 1950களிலேயே பெற்றிருந்தது. அக்காலத்தில் திட்டமிடப்பட்ட படமொன்று கைவிடப்பட்டது. 1980இல் வோல்ரர் மேர்ச் என்பார் ஓஸ் கதையொன்றைப் படமாக்கும் விருப்பத்தை வெளியிட்டார். படத்தொகுப்பாளராகவும் ஒலி வடிவமைப்பாளராகவும் புகழ்பெற்று, 1979இல் வெளிவந்த 'அப்போகலிப்ஸ் நவ்' படத்தின் ஒலியமைப்புக்காக ஒஸ்கார் விருதும் பெற்றவர் அவர். நெறியாள்கையில் இதுவே அவரது முதல் முயற்சி. கில் டெனிஸுடன் சேர்ந்து அவர் எழுதிய திரைக்கதை, போமின் இரண்டாவது நாவலையும் 1907இல் வெளிவந்த மூன்றாவது நாவலான 'ஓஸ்மா'வையும் இணைத்தது. இங்கிலாந்தின் எல்ஸ்ரீ படப்பிடிப்பு நிலையத்தில் 1984இற் படம் உருவாகியது. செலவும் தாமதமும் கண்டு அஞ்சிய நிறுவனம் ஒரு கட்டத்தில் மேர்ச்சைப் பதவிநீக்கியது; ஜோர்ஜ் லூகாஸ் தலையிட்டு உறுதியளித்த பின்னரே அவர் மீண்டும் அமர்த்தப்பட்டார். அதே ஆண்டில் டிஸ்னியின் தலைமை மைக்கல் ஐஸ்னர் முதலியோரின் கைக்கு மாறியது. படத்தைத் தொடக்கி வைத்தோர் எவரும் அதனை வெளியிடுங் காலத்தில் அதிகாரத்தில் இருக்கவில்லை.

திரைக்கதையின் தொடக்கமே பின்னெழுந்த எதிர்ப்புகளின் ஊற்றாகும். 1899 ஒக்டோபர் மாதம். சூறாவளி வீசி ஆறு மாதங்கள் கழிந்துள்ளன. டொறத்தி உறக்கமின்றித் தவிக்கின்றாள். ஓஸ் நாட்டைப் பற்றியே பேசுகின்றாள். அவளது நலங்கருதி எம் மாமி அவளை ஒரு வைத்தியரிடம் அழைத்துச் செல்கின்றாள். மின்சாரத்தைச் செலுத்தி மனநோயைக் குணப்படுத்த முனையும் வைத்தியர் அவர். அவ்விரவு பெரும்புயலின் நடுவே சிறுமி தப்பியோடி, பில்லினா என்னும் பெட்டைக்கோழியுடன் ஓஸை அடைகின்றாள். அங்கே மரகத நகரம் சிதைந்து கிடக்கின்றது. மக்கள் கற்சிலைகளாகி நிற்கின்றனர். கைகால்களிற் சில்லுகள் பூண்ட மனிதர் அவளைத் துரத்துகின்றனர். தலைகளை அடுக்கிவைத்து மாற்றி அணியும் இளவரசி அவளது தலையைக் கோருகின்றாள். டிக்-டொக் என்னும் இயந்திர மனிதன், பூசணித் தலையன் ஜாக் முதலியோருடன் குட்டிச்சாத்தான்களின் அரசனை அவள் எதிர்கொள்கின்றாள். பாடல் ஒன்றேனும் இல்லை.

மேலே கூறியவற்றுள் எவை போமுக்குரியன, எவை மேர்ச்சுக்குரியன என்பதைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. சில்லு மனிதரும், தலைமாற்றும் இளவரசியும், உயிருள்ளோரை அலங்காரப் பொருள்களாக்கும் அரசனும் 1907ஆம் ஆண்டு நூலிலேயே உள்ளனர். நாவலில் அவ்விளவரசிக்கு முப்பது தலைகள். பேசும் கோழி, அதன் முட்டை அரசனுக்கு நஞ்சாதல் என்பனவும் போமின் கற்பனையே. ஆயின், நூலில் டொறத்தி பயணிப்பது ஹென்றி மாமாவுடன் அவுஸ்திரேலியா செல்லும் கப்பலில். புயலில் அடித்துச் செல்லப்பட்டே அவள் கரைசேர்கின்றாள். வைத்தியசாலைக் காட்சிகள் நாவலில் இல்லை. மரகத நகரின் அழிவும் அந்நூலில் இல்லை. எனவே, படம் அச்சமூட்டுகின்றது என்று கூறியோர், நூலிலிருந்து வந்த அச்சத்தையும் புதிதாகச் சேர்க்கப்பட்ட அச்சத்தையும் வேறுபடுத்தவில்லை. படத்தை ஆதரித்தோரும், அது மூலநூலுக்கு முற்றும் உண்மையானது என்று கூறுமிடத்து, அதே தவற்றை மறுதலையாகச் செய்தனர்.

விமர்சகரின் எதிர்வினைகள் பெரும்பாலும் ஒரே திசையிற் சென்றன. நியூயோர்க் ரைம்ஸில் ஜனற் மஸ்லின் படத்தின் வறட்சியும் இருண்மையும் சிறுவரைத் திகைக்கச் செய்யும் எனச் சுட்டினார். தொலைக்காட்சியிற் படங்களை விமர்சித்துவந்த ஜீன் சிஸ்கெல், றொஜர் ஈபேர்ட் ஆகியோரும் அதனை வரவேற்கவில்லை. பாடலும் வண்ணமும் களிப்பும் எங்கே என்பதே பலரது வினாவாயிருந்தது. வேறு குரல்களும் இல்லாமலில்லை. அறிவியற் புனைகதையாளர் ஹார்லன் எலிசன், கற்பனைக் கதைகளுக்கான சஞ்சிகையொன்றில் தாம் எழுதிவந்த பத்தியிற் படத்தை உற்சாகத்துடன் பாராட்டினார். படத்தின் காட்சி நுட்பங்களுக்கு ஒஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது. பாறைகளில் முகங்கள் எழுந்து பேசும் காட்சிகளுக்காக வில் வின்ரன் குழுவினர் களிமண் உருவங்களைச் சிறிது சிறிதாக அசைத்துப் படம்பிடித்திருந்தனர். விருது, 'ரிற்றேர்ன் ரு ஓஸ்' வெளியான அதே நாளில் வெளியாகிப் பெருவெற்றி கண்ட 'கொக்கூன்' படத்திற்குச் சென்றது.

இவ்வெதிர்வினைகளைத் தனிப்பட்ட விமர்சகரின் சுவைவேறுபாடு என்று கொள்வது போதாது. ஜேர்மனிய இலக்கிய வரலாற்றாசிரியர் ஹான்ஸ் றொபேர்ட் யவுஸ் 1960களின் பிற்பகுதியில் முன்வைத்த ஏற்புக் கோட்பாடு இங்கு துணைசெய்யும். வாசகர் எப்படைப்பையும் வெறுமனத்துடன் அணுகுவதில்லை. முன்னர் கற்றவையும் கண்டவையும் சேர்ந்து அவர்களுக்கு ஓர் எதிர்பார்ப்பு எல்லையை வகுத்துவைத்துள்ளன. புதிய படைப்பு அவ்வெல்லைக்குள் அடங்கலாம், அல்லது அதனை மீறலாம் என்பது அவர் கருத்து. 1985இன் பார்வையாளர்க்கு அவ்வெல்லையை வகுத்தது 1939ஆம் ஆண்டுப் படமே. அவ்வெதிர்பார்ப்பைப் புதிய படமும் தூண்டியது. நாவலின் மந்திர இடைப்பட்டியை விடுத்து, தனிக் கட்டணஞ் செலுத்தி மாணிக்கப் பாதணிகளைக் கொண்டுவந்தது. கன்சாஸின் வைத்தியரும் தாதியும் ஓஸின் அரசனாகவும் இளவரசியாகவும் தோன்றும் உத்தியும் பழைய படத்தினதே. நிக்கல் வில்லியம்சனும் ஜீன் மார்ஷும் அவ்விரட்டை வேடங்களை ஏற்றனர். பழைய படத்தின் அடையாளங்களைக் காட்டி அழைத்துவிட்டு அதன் இன்பத்தைத் தர மறுத்தது என்னும் குறைகூறலில் நியாயமில்லை என்று கூறவியலாது.

எனினும், பழைய படத்திற்கு இப்படம் துரோகம் செய்தது என்ற குற்றச்சாட்டு ஆழ்ந்து நோக்குமிடத்து வலுவிழக்கின்றது. 1939ஆம் ஆண்டுப் படம் எவ்விடத்தில் முடிந்தது? தான் கண்ட நாடு மெய்யானது எனச் சிறுமி கூற, முதியோர் நம்ப மறுத்த இடத்தில். அச்சிறுமி தன் கூற்றை விடாது வற்புறுத்தினால் அவளுக்கு என்ன நேரும் என்னும் வினா அங்கே விடையின்றி நின்றது. மேர்ச்சின் படம் அவ்வினாவுக்கு அக்காலச் சமூகம் தரக்கூடிய விடையைத் தந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நரம்புத் தளர்ச்சிக்கும் மனநோய்க்கும் மின்சாரச் சிகிச்சை செய்யப்பட்டமை வரலாற்றுண்மை. பழைய படத்தின் இனிய முடிவுக்குள் மறைந்திருந்த மறுப்பு இங்கே இயந்திரமாகவும் படுக்கையாகவும் உருப்பெற்றது. பார்வையாளரைக் கலங்கச் செய்தது இதுவே எனக் கருத இடமுண்டு. படத்தின் முடிவில் டொறத்தி தன் அறையின் கண்ணாடியில் ஓஸின் இளவரசியைக் காண்கின்றாள். ஆயின், அதனை முதியோரிடம் கூறாது மறைக்கக் கற்றுக்கொள்கின்றாள்.

சிறுவர்க்கு எவ்வளவு அச்சம் தகும் என்ற பொது விவாதமும் இதனுடன் இணைந்தது. 1984இல் வெளிவந்த இரு படங்களின் வன்முறைக் காட்சிகளாற் பெற்றோர் கொதித்தெழுந்ததன் பயனாக, அமெரிக்கத் திரைப்படத் தரப்படுத்தலில் 13 வயதை எல்லையாகக் கொண்ட புதிய பிரிவொன்று அவ்வாண்டு யூலையில் உருவாக்கப்பட்டிருந்தது. மறுபுறம், தேவதைக் கதைகளின் பயங்கரம் குழந்தையின் உளவளர்ச்சிக்கு உதவுகின்றது என உளவியலாளர் புரூனோ பெற்றல்ஹைம் 1976இல் எழுதிய நூல் பரவலாகப் படிக்கப்பட்டுவந்தது. டிஸ்னி நிறுவனத்தின் வரலாறுங்கூட அச்சமற்ற வரலாறன்று. அதன் முதலாவது முழுநீளச் சித்திரப்படமான 'ஸ்னோ வைற்' 1938இற் பிரித்தானியாவிற் காட்டப்பட்டபொழுது, தணிக்கையாளர் அதற்குச் சிறுவர் முதியோருடனேயே பார்க்கத்தக்கது என்ற சான்றிதழையே வழங்கினர். ஆனால், 1980களிற் டிஸ்னி என்னும் பெயர் கவலையற்ற குடும்பக் களிப்பின் மறுபெயராகியிருந்தது. எனவே 'ரிற்றேர்ன் ரு ஓஸ்' ஒரே வேளையில் இரு நினைவுகளுடன் மோதவேண்டியிருந்தது: ஒன்று கார்லன்ட் படத்தின் நினைவு, மற்றையது டிஸ்னி என்னும் பெயரின் நினைவு.

படத்தின் பிற்கால வாழ்வு திரையரங்குக்கு வெளியே நிகழ்ந்தது. ஒளிநாடாக்களும் தொலைக்காட்சியும் அதனை வீடுகளுக்குக் கொண்டுசென்றன. அங்கே அதனைப் பார்த்த சிறுவருட் பலர் 1939ஆம் ஆண்டுப் படத்தின் நினைவைச் சட்டமாகக் கொள்ளாதவர். இரண்டு படங்களையும் ஒரே பருவத்தில் அருகருகே கண்டவர். அவர்கள் அஞ்சினர், அஞ்சியும் மீண்டும் மீண்டும் பார்த்தனர். ஒன்பது வயதில் டொறத்தியாக நடித்த பைரூசா போல்க், போமின் நூலிற் காணப்படும் சிறுமிக்கு நெருங்கிய வயதினளாய் இருந்தமையும் அவர்களுடைய ஈடுபாட்டுக்கு ஒரு காரணமாகலாம். அவர்கள் வளர்ந்து எழுதத் தொடங்கியபொழுதே படத்தைப் பற்றிய மதிப்பீடும் மாறியது. 2004இல் அமெரிக்க இசைக்குழுவொன்று தன் பாடலொன்றுக்குப் படத்தின் பெயரையே சூட்டியமை, அத்தலைமுறையின் மனத்தில் அது பெற்றிருந்த இடத்தைக் காட்டும். 1985இற் சிறுவரின் பெயரால் முதியோர் தீர்ப்பளித்தனர். சிறுவரின் தீர்ப்பு வெளிவர இருபது ஆண்டுகள் சென்றன. போமின் காலத்தில் மேடை மறுத்த தொடர்ச்சிகளைக் கடிதம் எழுதி வேண்டிய சிறுவரை இங்கே நினைவுகூர்தல் தகும்.

இதனாற் படம் குறையற்றது என்பதோ, விமர்சகர் யாவரும் தவறினர் என்பதோ முடிபாகாது. கதையின் நடைவேகம் சில இடங்களில் தளர்கின்றது, வெருளி முதலிய பழைய தோழர்கள் இறுதியில் மட்டும் தலைகாட்டுகின்றனர், நகைச்சுவை குன்றியுள்ளது. இவற்றைச் சுட்டிய விமர்சனம் இன்றும் செல்லுபடியாகும். பிற்காலத்தில் எழுந்த பாராட்டிலும் இளமை நினைவின் இனிமை கலந்துள்ளது. அவ்வகையில் அதுவும் 1939ஆம் ஆண்டுப் படத்தின்மீது முந்திய தலைமுறையினர் கொண்ட பற்றைப் போன்றதே. ஆயின், தோல்விக்கு விலை கொடுத்தோர் உண்டு என்பதையும் வரலாறு பதிவுசெய்தல் வேண்டும். மேர்ச் பின்னர் 'இங்கிலிஷ் பேஷன்ற்' படத்திற்காகப் படத்தொகுப்பு, ஒலியமைப்பு ஆகிய இரண்டிலும் ஒஸ்கார் விருதுகளைப் பெற்றார். எனினும், திரையரங்குக்கான கதைப்படம் எதனையும் மீண்டும் நெறியாளவில்லை. ஒரு கோடைகாலத்தின் வரவேற்பு, ஒரு கலைஞனின் ஒருதுறை வாழ்வை அத்துடன் முடித்துவைத்தது.

நூல், அதன் தழுவல், அத்தழுவலின் தொடர்ச்சி என்னும் மூன்றும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு மக்களுக்காக உருவாகின்றன. வெளியீட்டு வாரத்தின் வசூலையும் விமர்சனங்களையும் மட்டும் ஆதாரமாகக் கொள்பவர், முன்னைய படைப்பு மக்கள் மனத்தில் விட்டுச்சென்ற நினைவையே அளக்கின்றார். புதிய படைப்பை அளப்பதாக எண்ணிக்கொள்கின்றார். 1905இன் மேடை நாடகம் அழிந்துவிட்டமையால் அதற்கு இரண்டாவது விசாரணை கிடைக்கவில்லை. 1985இன் படம் ஒளிநாடாவில் எஞ்சியிருந்தமையால் அதற்கு அது கிடைத்தது. வரவேற்பின் வரலாற்றை எழுதுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.